பெயிண்ட் அடித்த இன்ஜினும் 90 ரூபாய் கேஸ்கெட்டும்

வணக்கம் மக்களே, கும்பகோணத்திலிருந்து. இன்றைக்குக் கொஞ்சம் சூடாகத்தான் பேசப்போகிறேன்.

நம் 1972 மார்க் 2 அம்பாசடர் புகை கக்குவதைப் பார்த்து நீங்களே சலித்திருப்பீர்கள். மாயவரம் பக்கம் ஒருவர், "ரீபில்ட் இன்ஜின் ரெடியா இருக்கு சார், எடுத்து மாட்டினா ஓடும்" என்றார். விலை 55,000. போய்ப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பச்சைப் பெயிண்டில் பளபளக்கிறது. பெயிண்டை யார் கேட்டார்கள்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, போனில் மாட்டும் குட்டி கேமராவை உள்ளே விட்டேன். பிஸ்டன் தலையில் கெட்டியாகக் கரி. கரிக்கு நடுவே 040 என்ற எண், அதாவது சிலிண்டரை ஏற்கெனவே 40 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமாக்கியாகிவிட்டது. புதுசாக ரீபில்ட் செய்த இன்ஜினில் கரி எப்படி வரும்? அதோடு 40 தவ் தாண்டி போர் போட, அதாவது சிலிண்டரை அகலமாகக் கடைய, எங்கள் மேஸ்திரி சம்மதிக்கவே மாட்டார், உள்ளே புது உறை இறக்கும் ஸ்லீவ்தான் என்பார். கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டேன்.

நம் சொந்த இன்ஜின் பிளாக் இன்னும் 20 தவ் அளவில்தான் நிற்கிறது. அதையே 40 போடுகிறோம். இன்ஜினை மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் நம்பர் மாற்ற அலைய வேண்டும், அந்தத் தலைவலியும் இல்லை. ஒன்று மட்டும் கேளுங்கள்: பிஸ்டனைக் கையில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் லேத்தில் போர் போடச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப அந்தந்த சிலிண்டரைக் கடைய வேண்டும். குறுவை அறுவடை நேரம் என்பதால் பட்டறையில் டிராக்டரும் அறுப்பு மிஷினும்தான் முதலில், நம் கார் கடைசியில். அது நியாயம்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ராக்கர் கவர் கார்க் கேஸ்கெட், அதாவது இன்ஜின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் வைக்கும் கார்க் பட்டை! ஒரு கடையில் 380 ரூபாய். ஒரு துண்டு கார்க்குக்கு 380! பேரம் பேசினால் "பழைய வண்டி சாமான் சார்" என்று சிரிக்கிறார். விடுவேனா? தஞ்சாவூரில் ஒரு பழைய கடை, மேல் தட்டில் தூசிக்குள் அதே கேஸ்கெட், 90 ரூபாய். இரண்டு வாங்கினேன். பாருங்கள், விரிசல்கூட இல்லை.

அட, ஹெட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். இந்த வண்டி ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000-இல் அது நின்றுபோனது. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட் தேய்ந்து எக்ஸாஸ்ட் வால்வ் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அதனால் வால்வ் உட்காரும் இடத்தில் கடின சீட் போடச் சொல்லியாகிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்காக பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஹோஸும் புதுசு.

டீசல் இன்ஜின் மாட்டச் சொல்லும் அன்பர்களே, வேண்டாம். அந்தத் தடதட சத்தத்தை என்னால் சகிக்க முடியாது.

அப்புறம், ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது என்று கமெண்ட் போடாதீர்கள். கிராங்கின் பின்முனையில் இந்த இன்ஜினுக்கு சீலே கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான். சொட்டும். கீழே தட்டு வைத்துக்கொள்வேன்.