கையெழுத்துக்கு முன்னால்

எல்லாருக்கும் வணக்கம். இந்த அரங்கில் மருத்துவ உளவியல் பயிற்சி மாணவர்களும் இருக்கிறீர்கள், அவர்கள் செய்த பயிற்சியைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்துப் போடும் மேற்பார்வையாளர்களும் இருக்கிறீர்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் இரண்டாம் தரப்பிடம். மாணவர்களும் கவனியுங்கள், எதையெல்லாம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு என்று தெரியும்.

டாரசாஃப் வழக்கு எல்லாரும் படித்ததுதான். 1969, கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். இந்தியாவிலிருந்து படிக்கப்போன புரொசென்ஜித் போதார் என்ற மாணவர், பல்கலைக்கழக மருத்துவமனையில் லாரன்ஸ் மூர் என்ற உளவியலாளரிடம் சிகிச்சைக்கு வருகிறார். ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை, ஆனால் யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மூர் வளாகக் காவலர்களிடம் நேரில் சொல்கிறார், கடிதமும் எழுதுகிறார். அவர்கள் போதாரைப் பிடித்துப் பேசிப்பார்த்து, ஆள் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள். அக்டோபர் 27ஆம் தேதி அந்தப் பெண், தத்தியானா டாரசாஃப், போதாரின் கையால் கொல்லப்படுகிறார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க சிகிச்சையாளர் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவையும் எழுதினால் பரீட்சையில் மார்க் வந்துவிடும்.

நடுவில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறோம். மூருக்கு மேலே மனநலப் பிரிவின் தலைவராக ஹார்வி பவல்சன் என்ற மருத்துவர் இருந்தார். காவலர்கள் போதாரை விட்ட பிறகு, மூரின் கடிதத்தைத் திருப்பித் தரச் சொன்னார். அதன் நகல்களையும் மூரின் சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். போதாரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க எந்த ஏற்பாடும் வேண்டாம் என்றார். தத்தியானாவின் பெற்றோர் தொடுத்த வழக்கின் மனுவில் இதெல்லாம் இருக்கிறது. பவல்சன் மீது தனியாக 10,000 டாலர் இழப்பீடும் தண்டனையாகக் கேட்டார்கள். மரணத்துக்கு ஈடு கேட்கும் வழக்கில் அந்த வகை இழப்பீட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மூர் பயிற்சி மாணவர் அல்ல, தேர்ந்தவர். அவருக்கே மேலிடம் ஒரு சொல் சொன்னதும் கை கட்டப்பட்டது என்றால், எம்.ஃபில். முதல் வருட மாணவி எந்தத் தைரியத்தில் மறுத்துப் பேசுவாள்? அதனால்தான் நான் இதை மேற்பார்வை வழக்காகவே படிக்கிறேன். மாணவர் சொன்னதைக் கேட்டு, ‘சரி, பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைத்தால் அதுவும் ஒரு முடிவுதான். அந்த முடிவு உங்களுடையது. அதைத் தேதியோடு ஃபைலில் எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். மாணவர் வேறு கருத்துச் சொல்லியிருந்தால் அதுவும் ஃபைலில் இருக்கட்டும்.

நம் சட்டத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு, ரகசியம் காக்கச் சொல்கிறது. இன்னொருவருக்குத் தீங்கு நேராமல் தடுக்கத் தேவையென்றால் தகவலைச் சொல்லலாம். அதற்குத் தேவையான அளவு மட்டும். சிகிச்சைக்காக மற்ற மனநலப் பணியாளர்களோடு பகிரவும் வழியுண்டு. கேஸ் விவரத்தை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது இதில் சேராது. அந்தக் குழுவில் நீங்களும் இருந்தால் மாணவரை மட்டும் திட்டாதீர்கள்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் ‘சொல்லலாம்’ என்பதே கிடையாது. 18 வயது நிரம்பாத பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘மேடத்திடம் சொல்லிவிட்டேன்’ என்பதோடு மாணவரின் கடமை முடியாது. ‘அவள் பார்த்துக்கொள்வாள்’ என்று நீங்களும் இருக்க முடியாது. பிள்ளையும் குடும்பமும் தயங்கும்போது இந்தச் சட்டம் சிகிச்சை உறவைப் பாதிக்கிறது, எனக்கும் அதில் மனக்குறை உண்டு. ஆனால் மனக்குறையை வைத்து ஒரு பயிற்சி மாணவியைக் குற்றத்தில் மாட்டிவிட முடியாது. காவல் நிலையத்துக்கு அவளோடு போங்கள்.

தன்னிடம் பேசுபவர் பயிற்சியில் இருப்பவர், மேலே இன்னார் பார்க்கிறார் என்பது சிகிச்சைக்கு வருபவருக்கு முதல் நாளே தெரிய வேண்டும். இதற்கு இரண்டு வாக்கியம் போதும், தவிர்க்க ஒரு காரணமும் இல்லை.

கடைசியாக, நமக்குப் பிடிக்காத வேலை: தகுதி வராத மாணவரை நிறுத்திவைப்பது. மருத்துவ உளவியலாளர் யார் என்று சொல்லும்போதே மேற்பார்வையோடு கூடிய பயிற்சியை 2017 சட்டம் சேர்த்துச் சொல்கிறது. நம் கையெழுத்துக்கு எடை வருவது அதனால்தான். தகுதியில்லாதவரை ‘பாவம், இரண்டு வருஷம் படித்துவிட்டார்’ என்று அனுப்பிவைக்கிறோம். குறையை நடுவிலேயே எழுத்தில் கொடுத்துத் திருத்த அவகாசம் தந்திருந்தால், கடைசியில் நிறுத்திவைக்க உங்களுக்குக் கூச்சமும் இருக்காது, அவருக்கு அது அநியாயமாகவும் படாது.