சூளைப் பக்கம் நின்ற டாக்டரம்மா

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 31 வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆப்பிரிக்காவுக்கு நான் போனதும் இல்லை. ஆனால் அங்கே கிராமப்புறங்களில் வேலை செய்த மிஷனரி டாக்டர்கள், நர்சுகளுடைய வாழ்க்கையைத் தேடித் தேடிப் படிப்பது எனக்கு டியூட்டி அறையில் ஆரம்பித்த பழக்கம், இன்னும் விடவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மிஷனரி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிங்கம், முதலை, காட்டுக் காய்ச்சல், ஆற்றில் படகு. ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதெல்லாம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய நாட்களைத் தின்றது சிங்கம் இல்லை. தண்ணீர், கூரை, விறகு, செங்கல், காலி பாட்டில், இவைதான் தின்றன.

காலி பாட்டில் என்றேன் இல்லையா, அதிலிருந்தே தொடங்குகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், முன்பெல்லாம் தர்மாஸ்பத்திரிக்குப் போனால் மருந்து வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். பாட்டில் இல்லை என்றால் மருந்து இல்லை, கம்பவுண்டர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆல்பர்ட் ஸ்வைட்சர் 1913-ல் இன்றைய காபோன் நாட்டில், ஒகோவே ஆற்றங்கரையில் இருக்கும் லாம்பரேனேவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வந்த பெரிய கவலைகளில் ஒன்று இதே பாட்டில் கவலைதான். அந்த ஈரக் காற்றில் பொடி மருந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும். அதனால் கார்க் போட்ட பாட்டிலும் மூடி உள்ள தகர டப்பாவும் வேண்டும். ஐரோப்பாவில் இருந்த நண்பர்களிடம் காலி பாட்டில் அனுப்புங்கள் என்று கேட்டார், நோயாளிகளிடம் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று மன்றாடினார். தத்துவம், இறையியல், ஆர்கன் வாசிப்பு எல்லாவற்றிலும் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய மனிதர் அவர். முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து, நர்ஸ் பயிற்சி பெற்ற மனைவியோடு அங்கே வந்தால், முதலில் நோயாளிகளைப் பார்க்கக் கிடைத்த அறை ஒரு பழைய கோழிக்கூடு. அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. ஸ்வைட்சரின் முதல் உதவியாளர் ஜோசப். அந்த ஊர்ப் பக்கத்து மனிதர், அதற்கு முன்னால் சமையல்காரராக வேலை பார்த்தவர். டாக்டருக்கு உள்ளூர் மொழி தெரியாது, ஜோசப்புக்குப் பல மொழிகள் தெரியும். ஆனால் உடம்பின் உறுப்புகளுக்கு அவர் கற்றிருந்த பிரெஞ்சுப் பெயர்கள் எல்லாம் சமையலறைப் பெயர்கள். இந்த மனிதருக்கு வலது தொடைக்கறியில் வலி, இந்த அம்மாவுக்கு இடது பக்கம் மேலே நெஞ்செலும்புக் கறியில் வலி என்றுதான் மொழிபெயர்த்துச் சொல்வார். டாக்டருக்குப் புரிந்துவிடும், அது போதுமே! ஸ்வைட்சருக்கு 1952-ம் வருஷத்து அமைதி நோபல் பரிசு கிடைத்தது, உலகத்துக்கே அவர் பெயர் தெரியும். ஆனால் ஜோசப் இல்லையென்றால் அந்தக் கோழிக்கூட்டில் ஒரு நோயாளியிடமாவது எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்க முடியுமா? ஆப்பிரிக்கர்களைத் தம்பிமாராகவே பார்த்தார், சமமாகப் பார்க்கவில்லை என்று ஸ்வைட்சர் மேல் ஒரு குறை உண்டு. அது நியாயமான குறை என்றுதான் நானும் நினைக்கிறேன். மிஷனரி கதை சொல்லும்போது நாம் இந்த ஜோசப்புகளை விட்டுவிட்டே சொல்கிறோம், அதுதான் எனக்கு ஆற்றாமை.

சரி. முதல் உலகப் போரில் அவரைப் பிடித்து 1917-ல் பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1924-ல் திரும்பி வந்து பார்த்தால் கூரை எல்லாம் போய்விட்டது. ஓலைக்கூரையை வருஷா வருஷம் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்புறம் பல மாதங்கள் காலையில் டாக்டர், மதியத்துக்கு மேல் கொத்தனார். மறுபடியும் சொல்கிறேன், கொத்தனார்.

இப்போது என் மனசுக்கு மிகவும் நெருக்கமான ஒருவரிடம் வருகிறேன். ஹெலன் ரோஸ்வேர். இங்கிலாந்துக்காரர், கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1953-ல், அப்போது பெல்ஜியம் ஆண்டுகொண்டிருந்த காங்கோவின் வடகிழக்குக் காட்டுப் பகுதிக்குப் போனார். அங்கே நெபோபொங்கோ என்ற இடத்தில் ஆஸ்பத்திரியும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் ஏற்படுத்த வேண்டும். கிறிஸ்தவ நேயர்களில் பலருக்கு அவருடைய வெந்நீர்ப் பை கதை தெரிந்திருக்கும். பிரசவத்தில் தாய் இறந்துபோன குறைமாதக் குழந்தை, கதகதப்பாக வைக்க இருந்த ஒரே ரப்பர் பை வெடித்துவிட்டது, அநாதை இல்லத்துச் சிறுமி ஒருத்தி இன்றைக்கு மத்தியானமே ஒரு பை வேண்டும் என்று ஜெபித்தாள், ஐந்து மாதத்துக்கு முன் இங்கிலாந்தில் கட்டி அனுப்பிய பார்சலில் அன்றைக்கே வந்தது. நல்ல கதை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெடித்த ரப்பர்தான் கண்ணில் நிற்கும். அந்த வெப்பத்தில் ரப்பர் நிற்காது. கையுறை நிற்காது, குழாய் நிற்காது. எங்கள் தியேட்டரில் கையுறையைக் கழுவி, காயவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து, பவுடர் போட்டு மறுபடி அவித்து எடுத்த காலம் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது செங்கல் கதை. நீங்கள் சூளைப் பக்கம் போயிருப்பீர்கள். மண் குழைத்து, அச்சில் அறுத்து, பச்சைக்கல்லைக் காயவைத்து, அடுக்கி, தீ வைத்து, நாள் கணக்கில் காவல் இருக்க வேண்டும். மண்சுவரும் ஓலையும் வைத்து எத்தனை நாளைக்கு ஆஸ்பத்திரி நடத்துவது, செங்கல்லில் கட்டலாம் என்று முடிவு செய்தார்கள். செங்கல் வாங்கக் கடை ஏது? தாங்களே அறுத்துச் சுட வேண்டியதுதான். டாக்டரம்மாவும் வேலையாட்களோடு சூளையில் நிற்கிறார், சுட்ட கல்லை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. அந்த நேரம் ஆபரேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வரும். ஓட வேண்டும். ஓடிப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவி, அப்புறம் ஸ்பிரிட்.

நேயர்களே, தோல் உரிந்த கையில் ஸ்பிரிட் பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை வீட்டில் தேங்காய் உடைக்கும்போது உள்ளங்கையில் சின்னதாக ஒரு கீறல், அவ்வளவுதான், மறுநாள் தியேட்டரில் ஸ்பிரிட் ஊற்றியதும் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, வெளியே காட்டிக்கொள்ள முடியாது, எதிரே சர்ஜன் நிற்கிறார். ஒரு கீறலுக்கே அப்படி. பத்து விரலும் அப்படி இருந்தால்?

ஹெலனுக்குக் கோபம் வந்திருக்கிறது. கடவுளிடமே கேட்டிருக்கிறார், நான் டாக்டர் வேலைக்குத்தானே வந்தேன், செங்கல் சுட வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா என்று. அதை மறைக்காமல் பின்னாளில் கூட்டங்களில் அவரே சொன்னார். அதற்கு அப்புறம் உள்ளூர் ஊழியர்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். நீங்கள் தியேட்டரில் டாக்டராக நிற்கும்போது எங்களுக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் சூளையில் எங்களோடு நின்று எங்கள் விரலைப் போலவே உங்கள் விரலிலும் ரத்தம் வரும்போது, சந்தையில் எங்கள் மொழியைத் தப்புத் தப்பாகப் பேசி நாங்கள் சிரிக்கும்போது, அப்போதுதான் உங்கள் மேல் எங்களுக்கு அன்பும் நம்பிக்கையும் வருகிறது. இந்தக் கருத்தில் சொன்னார்களாம். நான் இதை முதலில் படித்தது நைட் டியூட்டியில். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், வேறு எதுவும் தோன்றவில்லை.

அவருக்கு வந்த பெரிய துன்பத்தையும் சொல்ல வேண்டும். 1964-ல் சிம்பா கிளர்ச்சி வந்தது. கிளர்ச்சிக்காரர்கள் அவரைப் பிடித்து ஐந்து மாதம் வைத்திருந்தார்கள், அடித்தார்கள், பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் அதை வெளியே சொல்வது எவ்வளவு கடினம்! அவர் சொன்னார். 1966-ல் அதே காங்கோவுக்குத் திரும்பியும் போனார், நியான்குண்டே என்ற இடத்தில் 1973 வரைக்கும் உள்ளூர் மருத்துவ ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2016-ல், 91 வயதில் இறந்தார்.

மணியைப் பார்த்துக்கொண்டேன், நேரம் ஓடிவிட்டது. உகாண்டாவில் வேலை செய்த ஆங்கிலேய டாக்டர் ஆல்பர்ட் குக்கைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். மொம்பாசாவிலிருந்து 1,300 கிலோமீட்டர் போல நடந்தே வந்து 1897-ல் மெங்கோ ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர், ஐந்தே வருஷத்தில் இடி விழுந்து அது எரிந்துபோனது, மறுபடி கட்டினார். அதை இத்தோடு விடுகிறேன்.

ஆனால் யம்புக்கு என்ற ஊரின் கதையை விட முடியாது. நான் நர்ஸ், அதனால் விட முடியாது. 1976, அதே காங்கோ, அப்போது ஜயிர் என்று பெயர். பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி, டாக்டர் கிடையாது, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். தினமும் காலையில் ஊசி போட ஐந்தே ஐந்து சிரிஞ்சு. ஒருவருக்குப் போட்டுவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி அடுத்தவருக்கு. எபோலா என்ற கொடிய தொற்றுக் காய்ச்சல் அப்படித்தான் அங்கே பரவத் தொடங்கியது. 318 பேருக்கு வந்தது, 280 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்த 17 பேரில் 11 பேர் போய்விட்டார்கள், கன்னியாஸ்திரிகளும் அதில் உண்டு. அவர்கள் உயிரையே கொடுத்தவர்கள், ஆனாலும் செய்தது தவறு. ஆள் குறைவு, சாமான் குறைவு, எல்லாம் சரி, சிரிஞ்சைக் கொதிக்க வைக்காமல் விட்டதற்கு அது சமாதானம் ஆகாது. அர்ப்பணிப்பு இருந்தால் போதும் என்று யாராவது பேசினால் எனக்கு இந்த ஐந்து சிரிஞ்சுதான் ஞாபகம் வரும்.

கடைசியாக வடக்கு உகாண்டாவில், குலு பக்கத்தில் இருக்கும் லாச்சோர் கத்தோலிக்க ஆஸ்பத்திரி. இரண்டே நிமிடம் இருக்கிறது. 1961-ல் பியேரோ கோர்ட்டி என்ற இத்தாலிய டாக்டரும் லூசில் டீஸ்டேல் என்ற கனடா சர்ஜனும் அங்கே போனார்கள், கணவன் மனைவி ஆனார்கள். சண்டை நடந்த வருஷங்களில் காயப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்யும்போது எலும்புச் சில்லு கையுறையைக் கிழிக்கும், அப்படித்தான் லூசிலுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1985-ல் தெரிந்த பிறகும் பல வருஷம் வேலை செய்தார், 1996-ல் இறந்தார். அவர்களிடம் பயிற்சி பெற்று வளர்ந்தவர் மேத்யூ லுக்வியா, அந்த மண்ணின் மகன், அச்சோலி இனத்தவர். 2000-ல் அங்கே எபோலா வந்தபோது, ஆய்வுக்கூட முடிவு வரும் முன்பே இது என்ன நோய் என்று சந்தேகித்துத் தனி வார்டு ஏற்படுத்தியவர் அவர்தான். நர்சுகள் ஒவ்வொருவராக இறந்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் பயந்து போனார்கள், அவர்களை உட்காரவைத்துப் பேசினார், தானும் அவர்களோடு வார்டில் நின்றார். டிசம்பர் 5-ம் தேதி அவரும் இறந்துபோனார், 43 வயது.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே, லூசிலின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். 2003-ல் பியேரோவையும் அங்கேதான். நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி, வணக்கம்.