பெயரை எங்கே வெட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம். காவடி நெருங்கும்போது கோவில் அறிவிப்புகள் நம் கைபேசிக்கு வரும். சில வேளை கடைசி வார்த்தை அரைகுறையாக நிற்கும். அதன் பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி இருக்கும். கைபேசியில் கோளாறு இல்லை. யாரோ எழுதிய நிரல், எழுத்தின் நடுவில் வெட்டிவிட்டது.

நிரல் எழுதுவோருக்கு நீண்ட வரியைச் சுருக்குவது அன்றாட வேலை. திரையில் இடம் இல்லையென்றால் மிச்சத்தை நறுக்கிவிட்டு மூன்று புள்ளி வைப்போம். ஆங்கிலத்தில் அதனால் பெரும்பாலும் வம்பில்லை. நம் மொரீசியஸ் தீவில் தினமும் எழுதும் பிரெஞ்சில்கூட, மேலே கோடு போட்ட எழுத்துக்கு, கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 2 பைட் ஆகிறது; பைட் என்பது சேமிப்பின் ஓர் அலகு. தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்.

'கோவிந்தன்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஐந்து எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடு முறைக்கு 9 குறியீடு, ஏனென்றால் ஓகாரக் குறி, இகரக் குறி, மெய்யின் புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். பைட் கணக்கில் 27. 'முதல் ஐந்து போதும்' என்று பைதான் நிரல்மொழியில் வெட்டினால் 'கோவிந' என்று வரும், புள்ளி போய்விட்டது. பத்து பைட்டில் வெட்டினால் 'கோவ', அதையடுத்து அந்தக் கேள்விக்குறி.

இப்படிச் சிதைந்தால் கண்ணிலாவது படும். எனக்குக் கவலை தருவது சுத்தமாக விழும் வெட்டுதான். 'சுப்பிரமணியம்' 13 குறியீடு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கி, நீளம் மீறினால் மறுக்கும் கண்டிப்பு முறையையும் அணைத்து வைத்திருந்தால், அது பெயரை 'சுப்பிரமணி' என்று சேமித்துவிடும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பதிவேட்டில் இன்னொரு பெயர். அலைவது அந்த மனிதர்தான். 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழின் இடம் மாறியபோது நம் மக்கள் குரல் எழுப்பினார்கள், நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. பதிவேட்டில் இருக்கும் பெயருக்கும் அந்த அக்கறை வேண்டும்.

சுருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை போகும். ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் வரம்பு 70-க்கு இறங்கிவிடும். அந்த 70-உம் குறியீட்டுக் கணக்கு. அதற்குமேல் போனால் 67, 67 ஆகப் பிரித்து அனுப்புவார்கள், ஒவ்வொன்றுக்கும் காசு. ஆகவே கோவில் செயலாளர்கள் முதலிலேயே வாசகத்தைச் சுருக்கமாக எழுதுவது நல்லது. வெட்டும் வேலையை இயந்திரத்திடம் விடாதீர்கள்.

எபீன் கணினி நகரில் நிரல் எழுதும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பெயரை முழுதாகச் சேமியுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் சுருக்குங்கள். ஸ்விஃப்ட் மொழி இயல்பாகவே முழு எழுத்தாக எண்ணும்; ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென்று செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது. 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்தை அவையும் இரண்டாகவே எண்ணும் என்பதால் அதைத் தனியே கவனியுங்கள். புதிய படிவம் எதை வெளியிட்டாலும், முதலில் உங்கள் தாத்தாவின் முழுப்பெயரைத் தமிழில் அடித்துச் சோதித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.