ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் மலைப் பிள்ளைகளுக்கு

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன. நேற்றுக் காலை கோத்தகிரியிலிருந்து உதகைக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்திருக்கிறாளாம். பாடத்திட்டத்தை நகல் எடுத்து மடியில் விரித்து வைத்திருந்தாள். சில தாள்களின் பெயருக்கு அடியில் மட்டும் சிவப்பு மையில் கோடு. "இவைதான் முக்கியம் மேடம். மற்றதில் பாஸானால் போதும் என்று ஊரில் அக்காக்கள் சொல்கிறார்கள்" என்றாள். தொட்டபெட்டா சந்திப்பு வருவதற்குள் அவளிடம் சொல்லி முடிக்க முடியாததை இன்று உங்களிடம் சொல்கிறேன். அவள் கோடு போடாமல் விட்ட தாள்களைப் பற்றித்தான் என் பேச்சு.

நானும் அப்படிக் கோடு போட்டவள். கதை, கவிதை, நாடகம் என்றால் விடிய விடியப் படிப்பேன். இங்கிலாந்தின் சமூக வரலாறு என்ற துணைப்பாடத்தைத் தேர்வுக்கு முந்தின இரவுதான் பிரித்தேன். தவறிவிட்டேன். அரியர்தானே, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுமுறை எழுதியபோதும் தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்ணுக்கு மேல் அதிகம் வரவில்லை. முதுகலைக்கு விண்ணப்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தரவரிசைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பகுதி மூன்றின் மொத்த மதிப்பெண். துணைப்பாடம் இருப்பதும் அந்தப் பகுதி மூன்றுக்குள்தான். சில இடங்கள் தள்ளி நின்றேன். ஓராண்டு வீட்டில் இருந்தேன். அப்பா கோபப்படவில்லை. சாயங்காலம் தேயிலைக் கொழுந்து எடை போட்ட சீட்டை நீட்டி, கூட்டிப் பார் என்பார், அவ்வளவுதான். அந்த ஓராண்டை இன்னொரு பிள்ளை இழக்க வேண்டாம்.

அதனால் முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாநிலக் கல்லூரிகளில் இளங்கலைப் படிப்புக்கு ஐந்து பகுதிகள். பகுதி ஒன்று தமிழ், அல்லது நீங்கள் எடுக்கும் வேறு மொழி. பகுதி இரண்டு எல்லாத் துறையினருக்கும் பொதுவான ஆங்கிலம். பகுதி மூன்றில் முதன்மைப் பாடம், துணைப்பாடம், விருப்பப் பாடம். நான்கில் சுற்றுச்சூழல் கல்வியும் விழுமியக் கல்வியும் திறன் தாள்களும் வேறு துறையிலிருந்து எடுக்கும் தாளும். ஐந்து, நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி. எல்லாம் சேர்ந்து இப்போதைய மாதிரிப் பாடத்திட்டத்தில் 140 கிரெடிட். எந்தப் பகுதியில் ஒரு தாள் நின்றாலும் பட்டம் கைக்கு வராது. இதில் என்னை வருத்துவது, ஆங்கிலத் துறைப் பிள்ளைகளே பகுதி இரண்டில் குறைவாக வாங்குவது. நமக்குத் தெரியாத ஆங்கிலமா என்று புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிடுகிறார்கள்.

வருகைப்பதிவு பொதுவாக 75 விழுக்காடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை அடைபடும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டிலேயே விடுப்பைச் செலவழித்துவிடாதீர்கள். பெண் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024 முதல் மலைப்பகுதிப் பஸ்களுக்கும் வந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. வாங்காதவர்கள் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி தமிழ்த் தாளுக்கு வருகிறேன். ஆங்கிலம் படிக்க வந்தவருக்குத் தமிழ் எதற்கு என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் என் காதில் விழுகிறது. 2021-இல் வந்த அரசாணைக்குப் பிறகு, தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் நீங்கள் எழுதிய மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். உதகையில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்த பிள்ளைகளும், கூடலூர்ப் பக்கம் மலையாளம் எடுத்த பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் பகுதி நான்கில் அடிப்படைத் தமிழும் சிறப்புத் தமிழும் இருக்கின்றன. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையைப் பட்டப்படிப்புத் தகுதியுள்ள பணிகளுக்கு ஆங்கில இலக்கியப் பட்டதாரி கேட்க முடியாது. பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள பணி என்றால், பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் கேட்கலாம். இது தெரிந்து துறையைத் தேர்ந்தெடுப்பது வேறு, மூன்றாண்டு கழித்துத் தெரிந்துகொள்வது வேறு.

பலரும் பயப்படும் தாள் ஆங்கில மொழி வரலாறு. மொழியியலும் அதோடு சேர்ந்து வரும். எனக்கு இந்தத் தாள்மேல் தனிப் பிரியம், காரணத்தைச் சொல்கிறேன். லத்தீனில் தந்தைக்கு 'பாத்தெர்'; ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. லத்தீனில் மீன் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. சொல்லின் தொடக்கத்தில் இருந்த பகரம் ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் இப்படி மாறியது என்று ஆசிரியர் பலகையில் எழுதினார். வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது. நான் என் வீட்டை நினைத்துக்கொண்டேன். என் தாய்மொழி படுகு. தமிழில் பால், எங்களுக்கு ஹாலு. தமிழில் பத்து, எங்களுக்கு ஹத்து. தமிழ்நாட்டின் பட்டி, எங்கள் மலையில் ஹட்டி. ஐரோப்பாவில் நடந்ததாகப் பலகையில் எழுதியதைப் போன்ற ஒன்று என் பாட்டியின் அடுப்படியில் தினமும் ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டும் தனித்தனியாக நடந்த மாற்றங்கள். ஒன்று வழியாக மற்றொன்றைப் பார்க்க முடிந்தது. அன்று நூலகத்துக்கு ஓடினேன்.

அங்கேதான் எமனோவைத் தெரிந்துகொண்டேன். மொழியியல் அறிஞர். 1930-களில் இந்த மலையில் தங்கி, தோடர், கோத்தர் மொழிகளை அவர்கள் வாயிலிருந்தே கேட்டு எழுதியவர். படுகு மொழியின் உயிரொலிகளைப் பற்றி 1939-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வோர் உயிருக்கும் நாக்கை மடிக்காமல் ஒன்று, பாதி மடித்து ஒன்று, முழுதும் மடித்து ஒன்று என மூன்று நிலைகளை அவர் அதில் விவரித்தார். அவரும் பர்ரோ என்ற இன்னொரு மொழியியல் அறிஞரும் சேர்ந்து 1961-இல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் நம் மலையின் சொற்கள் தமிழ்ச் சொற்களின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கின்றன. கடல் கடந்து வந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டதை நாம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தேர்வுக்கு வினா விடைப் புத்தகம் வாங்கிப் படிக்கிறோம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் வீட்டுப் பிள்ளைகள் இப்போது நம் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். இந்தத் தாளைக் கையில் எடுக்க அவர்களைவிட உரிமையுள்ளவர் யார்?

விரிவுரையாளர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில், அதாவது நெட் தேர்வில், ஆங்கிலப் பாடத்துக்குப் பத்து அலகுகள். மொழி ஒரு முழு அலகு. இந்தியாவில் ஆங்கிலம் வந்த வரலாறும் வளர்ச்சியும் இன்னொன்று. இந்தியாவில் ஆங்கிலம் என்றதும் கல்கத்தாவை மட்டும் நினைக்க வேண்டாம். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில்தான் நிற்கிறது. நம் சோலை, 'ஷோலா' என்று ஆங்கிலக் காட்டியல் நூல்களுக்குள் போயிருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஆய்வுத் திட்டம் இருந்தால், யாரோ எழுதிய கட்டுரையை மாற்றி எழுதித் தராமல், இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

மொழிபெயர்ப்புத் தாள் விருப்பப் பாடமாகக் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டில் இருந்த அந்த ஓராண்டில் நான் செய்த வேலையே அதுதான். வங்கியிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் வரும் ஆங்கிலக் கடிதங்களை ஹட்டியில் உள்ளவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் ஒரு குடும்பத்தின் நிலம் பற்றிய செய்தியே மாறிவிடும். அந்தப் பயத்தோடு படித்ததில்தான் மொழிபெயர்ப்பைக் கற்றேன். இலக்கியத்திலும் அதே பயம் வேண்டும். 'கொழுந்து' என்பதைத் தொழிற்சாலை ஆங்கிலத்தில் பச்சை இலை என்று எழுதிவிடலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல் நுனியில் கிள்ளப்படும் அந்த இளமை அதில் இல்லை. இப்படி ஒரு சொல்லோடு ஒரு நாள் முழுக்கப் போராடுகிறவருக்கு வேலை உண்டு. மைசூரில் 2008 முதல் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம், பதிப்பகங்கள், நாளிதழ்கள், நீதிமன்றங்கள் எல்லாம் இரு மொழியும் பழுதில்லாமல் தெரிந்தவரைத் தேடுகின்றன.

ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டத்தோடு இரண்டாண்டு பி.எட்., பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும். பட்டத்தின் பெயரையும் பாருங்கள். ஆங்கில இலக்கியம் என்று இல்லாமல் வேறு அடைமொழியோடு வரும் படிப்புகளுக்கு இணைத்தன்மை அரசாணை, அதாவது அது ஆங்கில இலக்கியப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் அரசாணை, இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். பணி நியமனத்தின்போது சான்றிதழை நீட்டி, இது செல்லாது என்று கேட்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

நான் முதல்வன் திட்டத்தின் திறன் படிப்புகளை வருகைக்காக மட்டும் முடிக்காதீர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் உண்டு. முகாம் நடக்கும் ஊரில் ஒரு நோட்டு வைத்துச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், கடைசியாக உங்களிடம் ஒன்று. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலை ஆங்கிலம் படிக்க, கியூட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ திறந்துவிடுகிறது, தேர்வு மார்ச்சில். பட்டப்படிப்பு முடியட்டும், மே மாதம் பார்க்கலாம் என்று இருந்தால் கதவு மூடியிருக்கும். தேர்வு மையம் கோயம்புத்தூரில் விழுந்தால் முந்தின நாளே பிள்ளையைக் கீழே அனுப்பிவிடுங்கள். குன்னூர், மேட்டுப்பாளையம் பாதையில் விடியற்காலை ஒரு லாரி குறுக்கே நின்றால் போதும், தேர்வு நம் பிள்ளைக்காகக் காத்திருக்காது. தெரிந்தவர் வீடு அங்கே இல்லை என்றால் கல்லூரி ஆசிரியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். என் மாணவிகள் மூவரைச் சென்ற முறை நானே அழைத்துப் போய்த் தங்க வைத்தேன். இந்த முறையும் போவேன்.

வணக்கம்.