மூன்று முடி கூட

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பெண்ணுக்குச் சம கூலி கிடைக்காததற்குக் காரணம் சட்டத்தின் ஓட்டையா, சமூகத்தின் மனமா? மனம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரே வேலைக்கும், ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண் பெண் பார்க்காமல் ஒரே ஊதியம் என்று 1976-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இதற்குமேல் சட்டம் என்ன சொல்ல வேண்டும்?

எதிரணி நண்பர் ஒன்று சொன்னார்: "ஆண் சுமை தூக்குகிறான், பெண் பேசிக்கொண்டே நாற்று நடுகிறாள். பேச்சுக்கும் சேர்த்தா கூலி?" நீங்களும் கை தட்டினீர்கள். எனக்கு வலித்தது.

நண்பரே, ஒரு நாள் நட்டுப் பாருங்கள். முழங்கால் சேற்றில், குனிந்த இடுப்பு நிமிராமல், பின்னோக்கி நடந்துகொண்டே நட வேண்டும். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். பக்கத்து வரிசைக்காரியிடம் பேசினால்தான் அந்த இடுப்பு வலி கொஞ்சம் மறக்கும். அந்தப் பேச்சையா பழிக்கிறீர்கள்?

நடவு பெண்கள் வேலை, நாற்றுப் பறிப்பது ஆண்கள் வேலை, அதனால் கூலி வேறு என்பீர்கள். கேளுங்கள். எங்கள் ஊரில் ஒருநாள் ஆள் பற்றவில்லை. என் அம்மாவை நாற்றங்காலில் இறக்கினார்கள். அதே சேறு, அதே நாற்று. சாயங்காலம் முடிகளை, அதாவது பறித்துக் கட்டிய நாற்றுக் கட்டுகளை, எண்ணினார்கள். பக்கத்தில் பறித்த ஆணைவிட என் அம்மா 3 முடி கூடக் கட்டியிருந்தார். மறுபடியும் சொல்கிறேன், 3 முடி கூட! குறைவாக இருந்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். அவர் கையில் வைத்தது பெண்ணாள் கூலி.

அம்மா கேட்டார்: "ஐயா, முடி கூடத்தானே இருக்கிறது?"

"பெண்ணாளுக்கு இதுதான் வழக்கம், வாங்கிக்கொள்."

நடுவர் அவர்களே, அந்த மனிதர் சட்டம் என்று சொல்லவில்லை. வழக்கம் என்றார்! வரப்பில் நின்று அந்த முடிகளை அம்மாவோடு சேர்ந்து எண்ணிய சிறுமி நான். எண் படித்ததே அங்கேதான்.

பிறகு அரசுப் பள்ளியில் ஆசிரியையானேன். முதல் சம்பளத்தை அம்மாவின் மடியில் வைத்தேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "உன்னோடு வேலை பார்க்கும் ஆண் வாத்தியாருக்கும் இதேதானா?" என்று கேட்டார்.

"இதேதான் அம்மா" என்றேன்.

சேற்றுப்புண் தழும்பேறிய விரல்களால் நோட்டுகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.