1865 என்று சொன்னது என் தவறுதான்: படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கு 42 ஓடுகள்

வணக்கம் உறவுகளே. முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தைக் காட்டினேன் அல்லவா? கூரையிலிருந்து விழுந்த ஓட்டைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கள், 1865 என்று பொறித்திருக்கிறது" என்று கத்தினேன். கத்தியதோடு விடாமல் அதையே காணொளிக்குத் தலைப்பாகவும் வைத்தேன். தவறு. 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பல ஆண்டுகள் கழித்துச் சுட்ட ஓடுகளிலும் அதே எண்ணைத்தான் பொறித்தார்கள். பேக்கரிப் பலகையில் இருக்கிற ஆண்டைப் பார்த்து, உள்ளே இருக்கிற பாணுக்கும் அதே வயது என்று சொன்ன ஆள் நான்.

இதை எனக்குச் சொன்னது எந்தப் பேராசிரியரும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிர் வளவில் இருக்கிற எண்பத்தெட்டு வயதுப் பெரியப்பா. அங்கேதான் அரிவரி, அதாவது தொடக்க வகுப்பு, படித்தவர். "மனே, நான் சிலேட்டுத் தூக்கிப் போன காலத்தில் மேலே ஓடே இல்லை, இலுக்குப் புல்தான்" என்றார். காணொளி போட்டு இரண்டு நாள் கழித்துச் சொல்கிறார்!

அவர் சொன்னதைக் கேளுங்கள். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். கதவடியில் மணலைப் பரப்பி அரிவரிப் பிள்ளைகள் விரலால் எழுதுவார்கள். சுவரோரம் இரண்டே வாங்கு, பெஞ்சுதான். அதில் உட்காரும் உரிமை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். வாத்தியார் மேல்வகுப்புக்குக் கணக்குப் போடும்போது சட்டாம்பிள்ளை கீழ்வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அடுப்புக்கரியும் கோவையிலையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவார்கள். வாத்தியார் வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்காரர், திங்கட்கிழமை தோணியில் வாவியைக் கடந்து வந்தால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். வாவிக்கு மேலே மண்முனைப் பாலம் வந்தது 2014-ல். நான் இன்று மோட்டார் சைக்கிளில் சில நிமிடத்தில் கடந்துவிட்டு, வெயில் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

இலவசக் கல்வி பற்றிக் கேட்டேன். 1945-ல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்தாரே, அதனால் உங்களுக்குக் கட்டணம் நின்றதா என்றேன். சிரித்தார். ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்பும் கட்டணம் இல்லையாம். கட்டணம் வாங்கியவை ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள்தான். 1945-க்குப் பிறகு என்ன மாறியது என்றால், ஐந்தாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பிள்ளைக்கு அடுத்த கதவு திறந்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி.

மட்டக்களப்பில் பள்ளிக்கூட வரலாறு என்றால் எல்லோரும் நகரத்துக்கு ஓடுகிறார்கள். 1814-ல் வந்த மெதடிஸ்தப் பாதிரியார் வில்லியம் ஓல்ட், அவர் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கல்லடி உப்போடையில் விபுலானந்த அடிகள் 1929-ல் தொடங்கிய சிவானந்தா வித்தியாலயம். நானும் இரண்டுக்கும் காணொளி போட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடங்களுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, நினைவுமலர் இருக்கிறது. இந்த அறைக்கு இருப்பது ஒரு சேர்வு இடாப்பு, பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு. அதிலும் முதல் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது.

சரி, ஓட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தானே கமெராவை எடுத்தேன்.

கூரையில் 38 ஓடுகள் இல்லை. மங்களூர் ஓடு ஆணியில் நிற்பதில்லை. அடியில் உள்ள மூக்கு ரீப்பை என்கிற கூரைச் சட்டத்தில் கொளுவிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கிற காடி, அதாவது பள்ளம், அடுத்த ஓட்டின் காடிக்குள் இறங்கும். வேறு தொழிற்சாலை ஓட்டை வைத்தால் காடி பொருந்தாது, தண்ணீர் உள்ளே வரும். ஆகவே அதே ஓடுதான் வேண்டும். பழைய மரமும் ஓடும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். ஒன்று 350 ரூபாய் என்றார். ஏன் என்றேன். "ஹோட்டல்காரர்கள் சுவரில் மாட்ட வாங்குகிறார்கள் தம்பி." சுவரில்! மழையைத் தடுக்கச் சுட்ட ஓட்டைக் குளிரூட்டிய அறைக்குள் அலங்காரமாக மாட்டுகிறார்கள். எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் நின்றேன். பள்ளிக்கூடம் என்றேன், 250 ஆனது. பெரியப்பாவின் படத்தைக் காட்டினேன், 180. பின்வளவில் பாசி பிடித்துக் கிடந்த அடுக்கை நானே கழுவி எடுத்துக்கொள்கிறேன் என்றேன், 120! 42 ஓடு, 5,040 ரூபாய். அந்த நாற்பது ரூபாய்க்கு மட்டும் தனியாகக் கால் மணி நேரம் பேசினேன். 5,000-த்துக்கு முடிந்தது. 14,700 கேட்ட மனிதர், கடைசியில் எனக்குத் தேநீரும் கொடுத்தார்.

முச்சக்கர வண்டியில் மூன்று உடைந்துவிட்டன. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். கூரையின் கிழக்குப் பக்கம் வேறு ஓடு என்று போன தடவை ஒருவர் கேட்டிருந்தீர்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி. அந்த இரவு கிழக்குப் பக்கம் முழுதாகப் போய்விட்டது, பிறகு கிடைத்ததை வைத்து மூடினார்கள் என்கிறார் பெரியப்பா. அதை மாற்றச் சொல்லாதீர்கள், மாற்றமாட்டேன். அந்தப் பொருந்தாத பக்கமும் வரலாறுதான்.

மாற்ற வேண்டியது சுவரின் அடிப்பகுதியை. யாரோ நல்லெண்ணத்தில் இடுப்பளவுக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். அது சுண்ணாம்புச் சாந்துச் சுவர். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். சீமெந்து அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று, பூச்சுக்கு மேலே உப்புப் பூத்து, செங்கல் பொடியாகிறது. மேற்பாதி உறுதியாக இருக்கிறது, கீழ்ப்பாதி உதிர்கிறது. அதைக் கொத்தி எடுத்து நீற்றிய சுண்ணாம்பு பூச வேண்டும். மேசன் ஒருவர் சம்மதித்திருக்கிறார். தயவுசெய்து யாரும் "நீல எமல்சன் அடித்தால் பளிச்சென்று இருக்கும்" என்று எழுதாதீர்கள். எழுதினால் அழித்துவிடுவேன்.

ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். உத்தரமும் கதவு நிலையும் முதிரை மரம். ஓட்டுக்கு 350 கேட்கிற உலகத்தில் முதிரைக்கு என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஏன் ஹெல்மெட்டோடு பேசுகிறேன் என்றால், நேற்றிரவு மழை. காலையில் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். "தரை காய்ந்திருக்கிறது மனே, சட்டாம்பிள்ளை நிற்கிற மூலையில் மட்டும் ஒரு சொட்டு." 42-ல் மூன்று போக 39, அதில் 38 மேலே ஏறிவிட்டது. மிஞ்சிய ஒன்று இதோ, பையில் இருக்கிறது. ஏணி அவர் வீட்டில் இருக்கிறது. போய்வருகிறேன்.