ஷாத்தோ ரூஜில் ஒரு சீட்டுக் கொப்பி

வணக்கம் உறவுகளே. நடந்துகொண்டே பேசுவதால் படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் மரக்கறி வாங்க லாச்சப்பலுக்கு வராத தமிழர் உண்டா? அங்கிருந்து கால்மணி நேரம் நடந்தால் ஆப்பிரிக்கர்களின் கடைத்தெருவான ஷாத்தோ ரூஜ். மரவள்ளிக் கிழங்கு, வாழைக்காய், வெண்டைக்காய், கருவாடு என்று எல்லாமே நம் சாமான்கள். அப்படியிருந்தும் இருபது வருடங்களாக இந்தத் தெருக்களை நான் கடந்து போனேனே தவிர, உள்ளே நுழையவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்று ஒரு மாலி நாட்டு அக்கா என்னைத் தங்கள் பெண்கள் சங்கத்துக்கு அழைத்துப் போனார். முகங்களைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மேசையை மட்டும் பாருங்கள். இந்தச் சிவப்புப் பானம் பிசாப். நமது புளிச்சைக்கீரைக்கு உறவான செடியின் பூவைத் தாங்கும் சிவந்த புல்லி இதழ்களைக் கொதிக்க வைத்துச் சீனி போட்டது. பக்கத்தில் இருப்பது அட்டை கிழிந்த ஒரு கொப்பி. இதுதான் சங்கத்தின் உயிர்நாடி.

இவர்கள் இதைத் 'தொந்தீன்' என்கிறார்கள். அட, நம்முடைய சீட்டு! பன்னிரண்டு பெண்கள் மாதம் 100 யூரோ போட, முறைவைத்து ஒருத்தி 1,200 யூரோவை எடுக்கிறாள். நம்மவர்கள் போலக் கழிவு கூறி, அதாவது ஏலம் கேட்டு, எடுப்பது இந்தக் குழுவில் கிடையாது. பிள்ளை பெறப் போகிறவளுக்கும், ஊரில் தாயை இழந்தவளுக்கும் முறை முன்னே தள்ளிக் கொடுக்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பெயருக்கு எதிரே சின்னச் சின்னப் படங்கள்: ஒரு மீன், ஒரு குடை. மீன்காரி யார் என்று கேட்டேன், அறையே சிரித்தது.

1976இல் பிரான்சில் குடும்ப இணைப்புக்கான ஆணை வந்தது. ஏற்கெனவே இங்கே வேலை செய்துகொண்டிருந்த ஆண்களின் மனைவிமார் அதன் வழியாக வந்து சேர்ந்தார்கள். ஆனால் வெளிநாட்டவர் சங்கம் அமைக்க அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற 1939ஆம் ஆண்டு விதி 1981 அக்டோபரில்தான் நீங்கியது. அதுவரை சமையலறைதான் சங்கம்.

இவர்களில் சிலர் 'ஃபாம் ரெலே'. இணைப்புப் பெண்கள் என்று சொல்லலாம். புதிதாக வந்தவளோடு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போய், பம்பாரா, சொனின்கே என்ற தங்கள் ஊர் மொழிகளில் விளக்கிச் சொல்கிறார்கள். ஒரு அம்மாவின் கர்ப்பப்பை நோயை மருத்துவருக்கு எட்டு வயது மகன் மொழிபெயர்த்த கதையை அக்கா சொன்னபோது என்னால் பேச முடியவில்லை. ஒன்பது வயதில் என் அம்மாவுக்கு நானும் அதைத்தான் செய்தேன். அம்மா சொன்னதில் பாதியை நான் சொல்லவே இல்லை. கூச்சம்.

சரி, துணியைக் காட்டாமல் விட்டால் திட்டுவீர்கள். இது வாக்ஸ். ஜாவா பத்திக்கைப் பார்த்து ஒல்லாந்தர் ஆலையில் அச்சடித்தது ஆப்பிரிக்காவின் அடையாளமாகிவிட்டது. கலியாணம் என்றால் சங்கத்தார் எல்லோரும் ஒரே பூப்போட்ட துணியில் போய் நிற்பார்களாம். ஒவ்வொரு பூவுக்கும் பெயர் உண்டு, சிலது கணவனைக் குத்திக்காட்டும் பெயர்! அக்கா ஒன்றைக் காதில் சொன்னார். அதை இங்கே சொல்ல மாட்டேன்.

ஜனவரியில் அடுத்த சுற்றுத் தொடங்குகிறது. எனக்கு ஓர் இடம் கேட்டிருக்கிறேன். என் பெயருக்கு என்ன படம் போடுவது என்று கேட்கிறார்கள். வெண்டைக்காய் என்று சொல்லியிருக்கிறேன்.